சுற்றாடல் கற்கை படிக்கலாமா? மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

உயர்தரப் பெறுபேறு வெளியானால் அடுத்த ஒரு மாதம் என் போனுக்கு ஓய்வு கிடையாது. வட்ஸ்அப்பில் குரல் பதிவாக வரும், கோயில் திருவிழாவில் பிடித்து நிறுத்திக் கேட்பார்கள், ஹட்டன் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்தும் கேட்பார்கள். கேள்விகள் என்னவோ அதே கேள்விகள்தான். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, பேராதனையில் விஞ்ஞானம் படித்து, அப்புறம் சுற்றாடல் விஞ்ஞானத்தில் முதுமாணியும் முடித்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அக்கா, சுற்றாடல் கற்கை என்றால் மரம் நடுவதுதானே?

இல்லை. மரம் நடுவதற்குப் பட்டம் தேவையில்லை, மண்வெட்டி போதும். எந்த மரத்தை எங்கே நடக்கூடாது என்று சொல்வதற்குத்தான் படிப்பு தேவை.

ஒரு உதாரணம் சொல்கிறேன், மிச்சமெல்லாம் அதிலிருந்தே விளங்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, வீட்டில் ஆளும் இல்லை. இது ஏன் நடந்தது? புவிச்சரிதவியல் படித்தவர், அந்தச் சரிவில் காலங்காலமாக உருண்டு வந்து சேர்ந்த தளர்ந்த மண் இருந்தது, மழைநீர் உள்ளே இறங்கியதும் வழுக்கிவிட்டது என்பார். சரியான பதில். வானிலை படித்தவர் அதற்கு முன் பெய்த மழையைச் சொல்வார். அதுவும் சரி. தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவரைக் கேட்டால், கான் (வடிகால்) வெட்டிச் சுத்தம் பண்ணுகிற வேலையைக் குறைத்து எத்தனையோ வருசம், தண்ணீர் போக வழியில்லாமல் மண்ணுக்குள்ளேயே இறங்குகிறது என்பார். அவரையும் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அப்படியிருந்தும் சனங்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள்? இதற்கு மண்ணைத் தோண்டிப் பதில் எடுக்க முடியாது. காணி யார் பெயரில் இருக்கிறது, லயத்தை விட்டுப் போனால் வேலை நிலைக்குமா, மாற்றுக் காணியை யார் தருவது, வந்த எச்சரிக்கை யார் கைக்கு எந்த மொழியில் போனது, 1948இல் பிரஜாவுரிமை பறிபோன ஒரு சமூகத்துக்கு அரசாங்கக் கடிதத்தின் மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கும் என்று கேள்வி வேறு பக்கம் போய்விடுகிறது. சட்டம், வரலாறு, பொருளாதாரம், மொழி எல்லாம் உள்ளே வந்துவிடும். மழையையும் மண்ணையும் காணி உறுதிப் பத்திரத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப் பழக்குவதுதான் பல்துறை சுற்றாடல் கற்கை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை என்று மலைகள் சரிந்தபோதும் எனக்கு இதே கேள்விகள்தான் வரிசையாக மனதில் வந்தன. பதினொரு வருசத்தில் பாதிக்காவது பதில் கிடைத்திருக்க வேண்டும்.

சுற்றாடல் விஞ்ஞானம் வேறு, சுற்றாடல் கற்கை வேறா?

பெயரளவில் வேறு. விஞ்ஞானம் என்று போட்டிருந்தால் இரசாயனம், உயிரியல், நீரியல் பக்கம் கூடுதலாக இருக்கும், கற்கை என்று போட்டிருந்தால் சமூகம், சட்டம், கொள்கை பக்கம் சாயும். பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். பெயரில் முகாமைத்துவம் என்று இருக்கும், உள்ளே முழுக்க இரசாயனமாக இருக்கும்.

எந்தெந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது?

நமக்குக் கிட்டத்தில் இருப்பது பேராதனை. அங்கே ஒரே கூரையின் கீழ் இல்லை, சிதறிக் கிடக்கிறது. விவசாய பீடத்தில் மண்ணும் நீரும், விஞ்ஞான பீடத்தில் தாவரவியல், விலங்கியல், புவிச்சரிதவியல், கலைப்பீடத்தில் புவியியலும் சமூகவியலும். பட்டத்துக்குப் பிறகு சுற்றாடல் விஞ்ஞானத்தில் முதுமாணியும் அங்கேயே செய்யலாம், வகுப்புகள் வார இறுதியில் நடப்பதால் வேலையை விடாமலே படிக்கிறவர்கள் நிறைய. பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் சுற்றாடல் விஞ்ஞானமும் இயற்கை வள முகாமைத்துவமும் சேர்ந்த பட்டம் உண்டு. களனியில் சுற்றாடல் பாதுகாப்பும் முகாமைத்துவமும் என்று தனிப் பட்டம். ஸ்ரீ ஜயவர்தனபுரவில் வனவியலுக்கும் சுற்றாடல் விஞ்ஞானத்துக்கும் சேர்த்து ஒரு துறை. பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் இருக்கிறது, அது நேரடியாக இந்தப் படிப்பு இல்லை என்றாலும் தோட்டப் பிள்ளைக்கு அங்கிருந்து இந்தப் பக்கம் வருவது கஷ்டமில்லை. இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற உயர்தரப் புள்ளி) காலை வாரிவிட்டது என்றால் திறந்த பல்கலைக்கழகத்தை மறக்காதீர்கள், கண்டி, பதுளை, ஹட்டன் எல்லாம் நிலையங்கள் இருக்கின்றன.

வெட்டுப்புள்ளி ஒவ்வொரு வருசமும் மாறும், அதை என்னிடம் கேட்காதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்துப் பாருங்கள். ஒரு விசயம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள். அந்த 16இல் நுவரெலியாவும் பதுளையும் உண்டு, கண்டி இல்லை. விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை எழுதும்போது டியூசன் சேரின் பேச்சைக் கேட்டு நாலைந்து தெரிவோடு நிறுத்திவிடாதீர்கள். தகுதியுள்ள எல்லாவற்றையும் வரிசையாகப் போடுங்கள்.

என் மகள் கலைப்பிரிவு. அவளுக்கு இதில் இடமுண்டா?

தாராளமாக உண்டு. இதைக் கேட்கிற பெற்றோர் பாதிப்பேர் மன்னிப்புக் கேட்கிற குரலில் கேட்கிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. புவியியல் சிறப்புப் பட்டம் எடுத்து, ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவுகளைக் கையாளும் முறை) படித்து, வரைபடம் போடத் தெரிந்த ஒரு கலைப்பட்டதாரி, சோதனைக் குழாயை மட்டும் பார்த்து வளர்ந்த என்னைப்போன்ற ஆளைவிடக் களத்தில் அதிகம் பயன்படுவாள். கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், பழைய லெப்டொப்பிலும் ஓடும். பேராதனைக் கலைப்பீடத்தில் தமிழ்மூலம் படிக்கலாம், ஆனால் தமிழோடு நின்றுவிட்டால் வாசிக்கிற கட்டுரை எல்லாம் எட்டாமல் போய்விடும். கீழே மொழி பற்றித் தனியாக எழுதியிருக்கிறேன்.

மெடிசின் கிடைக்காதவர்கள் போகிற இடம்தானே இது?

ஆமாம், நிறையப்பேர் அப்படித்தான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் வருசமும் அந்த நினைப்பிலேயே இருந்தால்தான் பிரச்சினை.

எல்லாத் துறையும் கொஞ்சம் கொஞ்சம் என்றால் கடைசியில் எதுவுமே தெரியாமல் போய்விடாதா?

இது நல்ல கேள்வி, விரிவுரையாளர்களே தங்களுக்குள் சண்டை போடுகிற கேள்வி. உண்மையைச் சொன்னால் அந்த ஆபத்து இருக்கிறது. "ஒருங்கிணைந்த", "நிலைபேறான" என்று நாலு வார்த்தையை மாற்றி மாற்றிப் போட்டு அறிக்கை எழுதத் தெரியும், ஒரு மண் மாதிரியை ஒழுங்காக எடுக்கத் தெரியாது என்கிற பட்டதாரிகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் யோசனை, முதலில் ஒரு விசயத்தில் கையை நன்றாக நனையுங்கள். தண்ணீரா, மண்ணா, பூச்சியா, புள்ளிவிபரமா, சட்டமா, எதுவாகவும் இருக்கட்டும். ஒன்றில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாத அளவுக்குத் தேறுங்கள். அதற்குப் பிறகு மற்றத் துறைக்காரர்கள் பேசுவதை விளங்கிக்கொள்கிற அளவுக்குப் படித்தால் போதும்.

விளங்கிக்கொள்வது ஏன் முக்கியம் என்பதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் ஆய்வுக்கு ஒரு தோட்டத்தில் பீலித் தண்ணீரை (மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்துப் பிடிக்கிற தண்ணீரை) சோதித்தேன். கண்டியிலிருந்து பஸ் பிடித்து, ஏறி நடந்து, பீலிக்குப் போய்ச் சேர எப்போதும் பதினொரு மணியாகிவிடும். போத்தலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் மலக்கழிவு கலந்ததைக் காட்டுகிற கோலிபோம் பக்டீரியா அவ்வளவாக இல்லை. தண்ணீர் பரவாயில்லை என்று எழுதவும் தொடங்கிவிட்டேன். ஆனால் லயத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் நிற்கவில்லை. ஒரு அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தார். "நீ வர்ற நேரம் எல்லாரும் மலைக்குப் போயிருவாங்க தங்கச்சி. மேல் லயத்துல ஆளே இருக்காது. விடிய அஞ்சு மணிக்கு வந்து புடிச்சுப் பாரு." இரவு அங்கேயே தங்கி விடியற்காலையில் பிடித்தேன். மேல் லயத்தில் எல்லோரும் எழும்பிக் குளித்து, கழுவி, கக்கூசுக்குப் போகிற நேரம், கான் தண்ணீரெல்லாம் கீழே இறங்குகிற நேரம், கீழ் லயம் குடிதண்ணீர் பிடிக்கிறதும் அதே நேரம். குடிநீருக்கான இலங்கைத் தரம் எஸ்எல்எஸ் 614. அதன்படி 100 மில்லிலீட்டரில் ஈ.கோலை (கோலிபோம் வகைப் பக்டீரியா) ஒன்றுகூட இருக்கக்கூடாது. அந்தக் காலைத் தண்ணீரில் இருந்ததை எண்ணி முடிக்கவே முடியவில்லை.

என் இரசாயனமும் சரி, கருவியும் சரி, பிழை கடிகாரத்தில் இருந்தது. பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற இடத்துக்கு) எத்தனை மணிக்குப் போவார்கள், தண்ணீர் பிடிப்பது யார், எப்போது பிடிப்பார்கள் என்று கேட்டிருந்தால் ஆறு மாதம் மிச்சம். கேட்கிற பழக்கத்தைச் சமூகவியல் வகுப்பில் சொல்லித் தருவார்கள், நான் அதைக் கதையளக்கிற பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வெள்ளைக் கோட்டைப் போட்டதும் எனக்கே மறந்துவிட்டது.

தேயிலைத் தோட்டத்துக்கும் இந்தப் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? இயற்கை என்றால் காடுதானே?

நாம் இங்கே இருப்பதே ஒரு பங்கசினால்தான் (பூஞ்சையால்தான்) என்று சொன்னால் நம்புவீர்களா? 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்கிற பங்கசு. மலை மலையாக ஒரே பயிர், நடுவில் தடுக்க வேறு மரம் இல்லை, காற்றில் பறந்து போய் எல்லாவற்றிலும் உட்கார்ந்துகொண்டது. ஹரி மார்ஷல் வார்ட் என்கிற தாவரவியலாளர் 1880இல் வந்து இரண்டு வருசம் ஆராய்ந்தார், அதற்குள் கோப்பியின் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதற்கு முன்பே 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டிருந்தார், துரைமார் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். இதுவரை தாவரவியல்.

இனி மற்றப் பாதி. கோப்பிக்குப் பழம் பறிக்கிற பருவத்தில்தான் ஆள் கூட்டம் தேவை. தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டி இறங்கி, மலைக்கு நடந்து வருவார்கள், பருவம் முடிந்ததும் பெரும்பாலானோர் திரும்பிப் போவார்கள். தேயிலை அப்படியில்லை, வருசம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். வந்து போகிற ஆள் போதாது, குடும்பத்தோடு தங்க வேண்டும், பெண்கள் வேண்டும். லயம் நிரந்தரமானது, பிள்ளைகள் பிறந்தார்கள், நாம் வந்தோம். ஒரு இலைநோய் ஒரு சமூகத்தின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது. பரீட்சையில் இதைத் தாவரவியல் வினாத்தாளிலும் கேட்கலாம், வரலாற்று வினாத்தாளிலும் கேட்கலாம், ஆனால் இரண்டு வினாத்தாளிலும் பாதிக் கதைதான் இருக்கும்.

பழங்கதை வேண்டாம் என்றால் 2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சேதனப் பசளைக்கு (இயற்கை உரத்துக்கு) மாறப்போகிறோம் என்று இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள், அந்த வருச முடிவுக்குள் திரும்பவும் திறந்துவிட்டார்கள். 2021இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியன் கிலோ அளவுக்கு விழுந்தது. உரம் மட்டும் காரணமில்லை, டீசலும் இல்லை, கரண்டும் இல்லை என்கிற வருசம் அது. ஆனால் சேதனப் பசளை நல்லது என்கிற சரியான எண்ணம், மண்ணையும் காலத்தையும் கூலியையும் கணக்கில் எடுக்காமல் வந்தால் கொழுந்து எடுக்கிறவரின் வயிற்றில் அடிக்கும் என்பதை அந்த வருசம் நம் வீட்டு அடுப்படியிலேயே பார்த்தோம். கொழுந்து குறைந்தால் கிலோ வராது, கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம்தான். காட்டைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறவர்களுக்கு அரைப்பேர் என்றால் என்னவென்றே தெரியாது.

சிங்களம் வராது, ஆங்கிலமும் அரைகுறை. சமாளிக்கலாமா?

விஞ்ஞானப் பக்கம் என்றால் விரிவுரை ஆங்கிலத்தில்தான். முதல் அரையாண்டு அழுகை வரும், பிறகு பழகிவிடும். சிங்களப் பிள்ளைகளும் அதே அழுகைதான் அழுகிறார்கள், ஹொஸ்டலில் சேர்ந்து அழுதால் இரண்டு மொழியும் சேர்ந்தே வந்துவிடும். என் சிங்களம் அப்படி வந்ததுதான். களத்துக்கு இறங்கினால் சிங்களம் இல்லாமல் நடக்காது, கிராமத்தில் மரக்கறித் தோட்டக்காரர்களிடம் பேச வேண்டும், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வரைபடம் கேட்க வேண்டும்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மூன்று மொழியும் ஓரளவு தெரிந்து, சுற்றாடலும் படித்த ஆட்கள் மலையில் மிகக் குறைவு. ஒருமுறை எங்கள் பக்கம் ஒரு தோட்டத்துக்கு ஒரு அலுவலகத்திலிருந்து மண்சரிவு எச்சரிக்கைக் கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தது, தோட்டத் தலைவர் அதைப் பத்திரமாக மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார், வாசிக்கத் தெரிந்த பையன் தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும்வரை. மழை அந்தமுறை கருணை காட்டியது. அந்தக் கடிதத்தை வாசித்து, அதில் இருக்கிற சரிவுக் கோணம் என்ன சொல்கிறது என்று விளங்கி, தலைவருக்குப் புரிகிற தமிழில் சொல்லத் தெரிந்த ஆள்தான் இங்கே தேவை. இதைத் தகுதியாக எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள், நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள்.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

பட்டம் வாங்கிய மறுநாளே என்றால் இல்லை. மத்திய சுற்றாடல் அதிகார சபை, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், வன, வனஜீவராசிகள் திணைக்களங்கள், நீர் வழங்கல் சபை இவையெல்லாம் ஆள் எடுக்கும் இடங்கள், ஆனால் எப்போது எடுப்பார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. தனியார் பக்கம் பெருந்தோட்டக் கம்பனிகளில் ரெயின்போரஸ்ட் அலையன்ஸ் போன்ற சான்றிதழ் வேலைகள் உண்டு, வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் அதைக் கேட்பதால் அந்த வேலை நின்றுபோகாது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், ஆய்வு உதவியாளர் வேலை என்று கொஞ்சக் காலம் அலைய வேண்டியிருக்கும். என்னோடு படித்தவர்களில் கணிசமானோர் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அதைத் தோல்வி என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

இறுதி வருச ஆய்வுக்கு நல்ல தலைப்பு ஒன்று சொல்லுங்கள் அக்கா.

தலைப்பை நான் தந்தால் ஆய்வும் நானே செய்ய வேண்டிவரும். இருந்தாலும் சுற்றிலும் கிடப்பதைக் காட்டுகிறேன்.

குளவி. மாதம் ஒருமுறையாவது "குளவி கொட்டுக்கு இலக்காகி ஆஸ்பத்திரியில்" என்று பத்திரிகையில் வருகிறது. எல்லாம் குளவியா? பாதி இடத்தில் அது மரத்திலும் பாறையிலும் கூடு கட்டுகிற பெரிய மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா என்பார்கள். எது கொட்டியது என்று தெரியாமல் தடுக்க முடியாது. பூச்சியியலில் தொடங்கி, யூக்கலிப்டஸ் மரங்கள், கொழுந்து எடுக்கும் நேரம், கழுகு கூட்டைக் கலைக்கிறதா, முதலுதவி எவ்வளவு தூரத்தில், நட்டஈடு யார் கொடுப்பது என்று போய்க்கொண்டே இருக்கும்.

சிறுத்தை. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படி மாட்டி, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் செத்துப்போனது. சுருக்கு வைத்தவரைத் திட்டுவது சுலபம். பன்றி இறைச்சி எதற்குத் தேவைப்படுகிறது, மரக்கறிப் பாத்தியைப் பன்றி எவ்வளவு அழிக்கிறது என்று யாராவது உட்கார்ந்து கணக்கெடுக்க வேண்டும்.

உமா ஓயா. பண்டாரவளைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பாடப்புத்தகம் கிடையாது. மேலே தண்ணீரைத் தடுத்து, 15 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் வெட்டி, 120 மெகாவாட் மின்சாரம் எடுத்து, தண்ணீரைத் தென்கிழக்கின் வறண்ட பக்கத்துக்கு அனுப்புகிற திட்டம். சுரங்கம் தோண்டும்போது பாறை வெடிப்புகள் வழியாக நிலத்தடி நீர் உள்ளே கொட்டியது, மேலே கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலில் திறந்தார்கள். கீழே ஒரு விவசாயிக்குத் தண்ணீர் கிடைப்பதும் உண்மை, மேலே ஒரு குடும்பம் கிணற்றை இழந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே தாளில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் கிணற்றின் பழைய நீர்மட்டம் எந்தப் பதிவிலும் இல்லை, வாளிக் கயிற்றின் நீளத்தில்தான் இருக்கிறது. அந்தக் கயிறுகளை அளந்துகொண்டு வந்தாலே ஒரு ஆய்வு.

தோட்டத்தில் ஆய்வு செய்ய அனுமதி வேண்டுமா? சனங்கள் பேசுவார்களா?

துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) கடிதம் கொடுத்துத்தான் போக வேண்டும், காணி கம்பனியின் பொறுப்பில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் எடுக்க வேண்டும். இரண்டும் கிடைத்தாலும் சனங்கள் பேசுவார்கள் என்பதில்லை. கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்றால் எல்லோரும் "ஒரு குறையும் இல்ல" என்பார்கள். சாயங்காலம் அடுப்படிக்குப் போய் உட்காருங்கள், அப்போது வேறு பதில் வரும். வந்த பதிலைப் பெயர் போடாமல், லயத்தின் அடையாளம் தெரியாமல் எழுதுவது உங்கள் பொறுப்பு, ஏனென்றால் நீங்கள் கண்டிக்குப் போய்விடுவீர்கள், அவர்கள் மறுநாளும் அதே மலைக்குத்தான் போக வேண்டும்.

ஒரு பாட்டி என்னைப் பார்த்துச் சொன்னது: "நீ ஏழாவது ஆளும்மா. வந்து எழுதிட்டுப் போன ஒருத்தரும் திரும்பி வரல." நான் திரும்பிப் போனேன். தண்ணீர் முடிவை ஒரு பெரிய தாளில் தமிழில் எழுதிப் பிள்ளைக்காம்பராச் (குழந்தைகளைப் பராமரிக்கும் இடத்துச்) சுவரில் ஒட்டினேன். பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "சரி, இனி பைப்பு எப்ப வரும்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, எட்டாவது ஆளாக வேறு யாராவது போயிருப்பார்கள்.

இதைப் படித்தால் அபிவிருத்தித் திட்டத்தையெல்லாம் எதிர்க்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை, ஆனால் வாசிக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தை 1988இல் திருத்தி, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. அறிக்கை தயாரானதும் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் தருவார்கள். அந்த 30 நாளில் மலையகத்திலிருந்து எத்தனை கருத்து போகிறது? பெரும்பாலும் அறிக்கை வந்ததே நமக்குத் தெரியாது, வெட்டப்போகிற மரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்த பிறகுதான் கூட்டம் கூடுகிறோம். தாக்க மதிப்பீட்டைத் தயாரிக்கிற பக்கத்திலும் வேலை செய்யலாம், கேள்வி கேட்கிற பக்கத்திலும் வேலை செய்யலாம். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் நிற்காதீர்கள், அவ்வளவுதான்.

வீட்டில் காசு இல்லை. எப்படிப் படிப்பது?

திறந்த பல்கலைக்கழகம் தவிர்ந்த அரச பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. மகாபொல அல்லது பர்சரி என்கிற உதவித்தொகை கிடைக்கும், அதில் சாப்பாட்டுக்கு இழுத்துப் பிடிக்கலாம். இந்தத் துறையில் கூடுதல் செலவு களப்பயணத்துக்கும் லெப்டொப்புக்கும்தான். லெப்டொப்பைச் சீனியர்களிடம் பழையதாக வாங்குங்கள். பெற்றோர் கவனத்துக்கு: களப்பயணம் என்று பிள்ளை சொன்னால் சுற்றுலா இல்லை, அதற்குப் புள்ளி உண்டு, காசு கொடுத்து அனுப்புங்கள். பெண்பிள்ளை காட்டுக்குப் போவதா என்று கேட்காதீர்கள், உங்கள் வீட்டுப் பெண்கள் தினமும் எந்த மலையில் ஏறி இறங்குகிறார்கள் என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள்.

இன்னும் உயர்தரம் எழுதவில்லை. இப்போதே ஏதாவது செய்யலாமா?

மழை அளக்கத் தொடங்குங்கள். நேரான உடம்புள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை மேல்ப்பக்கம் வெட்டி, வெட்டிய துண்டைத் தலைகீழாகப் புனல்போல் உள்ளே செருகுங்கள். அடி கோணலாக இருக்கும், கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி மட்டமாக்கி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறியுங்கள். பக்கத்தில் அடிமட்டத்தை (ரூலரை) ஒட்டுங்கள். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்துக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதிவிட்டு, பூச்சியக் குறிக்கு மேல் உள்ளதை ஊற்றிவிடுங்கள்.

இதில் பரீட்சைக்கு அப்பாலும் பயன் உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் சரிவில் இருக்கிறவர்கள் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்துகிற அளவு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று டிவியில் சொல்வது இதைத்தான். ஆனால் டிவியில் சொல்வது முழுப் பிரதேச செயலகப் பிரிவுக்கும் சேர்த்து, உங்கள் மலைக்கு மட்டும் கொட்டுகிற மழை அதில் தெரியாமல் போகலாம். அதோடு நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரம் சாய்வது, பீலி திடீரென்று கலங்குவது அல்லது வற்றுவது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கிளம்ப வேண்டும். "பீலி கலங்குனா புள்ளைகள தூக்கிட்டுக் கெளம்பிருவோம்" என்று எங்கள் அம்மாச்சி சொல்வார், அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

கடைசிக் கேள்வி அக்கா, களத்துக்குப் போனால் அட்டை கடிக்குமா?

கடிக்கும். ஹோர்ட்டன் சமவெளி மேலே குளிரில் அவ்வளவாகத் தொல்லையில்லை, கீழே இறங்க இறங்கக் காத்துக்கொண்டிருக்கும். நீளமான சொக்ஸ் போட்டு, அதில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள், ஒரு சின்னப் பையில் உப்பைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிடுங்கி எறியாதீர்கள், நகத்தால் மெதுவாகத் தள்ளிவிடுங்கள். கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர் ஒருவர் அட்டையைக் கண்டு வாகனத்தை விட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார், அன்றைக்கு மாதிரி எல்லாம் எடுத்தது எங்களோடு வந்த தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டுபேர், வெறுங்காலோடு.